கல்லுக்குக் காரணம் மெட்ரோ வாட்டரா, தக்காளியா?

கேள்வி: என் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வயது 38. விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இழுத்த வலிக்கு ஸ்கேன் எடுத்ததில், சிறுநீர்க்குழாயில் 5 மி.மீ. கல். இரண்டு வருடத்தில் இது இரண்டாவது முறை. தண்ணீர் சரியில்லை என்கிறார்கள்; தக்காளி, பாலை நிறுத்து என்கிறார்கள். கல் எதனால்தான் வருகிறது? - தண்டையார்பேட்டை வாசகி

பதில்: அம்மா, நீங்கள் காரணம் என்று நினைக்காமல் எழுதிய சொல்தான் என் கண்ணில் முதலில் பட்டது: கன்டெய்னர் லாரி. எண்ணூர் விரைவுச் சாலையில், கேட் திறக்கக் காத்து மணிக்கணக்கில் நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். கேபினுக்குள் அனல். இறங்கினால் ஒதுங்க இடமில்லை. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வரும் டிரைவர்களில் பலர் பரிசோதனைக்குத் தரும் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் இருக்கிறது. அடக்கி வைப்பதால் கல் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அடக்க நேருமே என்று குடிக்காமல் இருப்பதுதான் பெரிய கேடு.

சிறுநீரில் கால்சியம், சில கீரை, கொட்டைகளில் இருக்கும் ஆக்சலேட், யூரிக் அமிலம் எல்லாம் கரைந்தே போய்க்கொண்டிருக்கும். டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் கரையாமல் அடியில் தங்குமல்லவா? வியர்வையில் நீர் போய்ச் சிறுநீர் சுண்டினால் அதேதான் நடக்கிறது. முதலில் கண்ணுக்குத் தெரியாத படிகம், அதன்மேல் படிந்து படிந்து கல். பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். குடும்ப வாகும் உண்டு. சிலருக்குக் கிருமித்தொற்றாலும் வரும்.

மெட்ரோ வாட்டரை விட்டுவிடுங்கள். தண்ணீரின் கடினத்தன்மையைவிட, எவ்வளவு குடிக்கிறார் என்பதே முக்கியம். ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். வெயிலில் வேலை செய்பவருக்கு அதற்கு மூன்று லிட்டருக்கு மேலேயே தண்ணீர் தேவைப்படும். கேபினில் இரண்டு பெரிய பாட்டில் எப்போதும் இருக்கட்டும்; படுக்கும் முன்னும் ஒரு டம்ளர். இதய நோயோ, சிறுநீரகச் செயலிழப்போ இருந்தால் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து உப்பு. உடலில் உப்பு கூடினால் அது கால்சியத்தையும் சிறுநீருக்கு இழுத்துக்கொண்டு போகும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கருவாட்டை நிறுத்தச் சொன்னால் நடக்காது, எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். மட்டன், ஈரல், நெத்திலி, மத்தி யூரிக் அமிலத்தைக் கூட்டும், அளவாகச் சாப்பிடட்டும்.

பாலைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கல்லில் கால்சியம் இருப்பதால் பால் ஆகாது என்பது பெரிய தவறு. சாப்பாட்டோடு சேரும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பாலும் மோரும் இல்லாவிட்டால் அந்த ஆக்சலேட் நேரே சிறுநீருக்குப் போகும். கால்சியம் மாத்திரை வேறு விஷயம்; டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பாவம் தக்காளி, அதில் ஆக்சலேட் குறைவு. பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரியைத்தான் குறைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு நல்லது, அதிலுள்ள சிட்ரேட் படிகம் சேர்வதைத் தடுக்கும். உப்புப் போடாமல் குடிக்கட்டும். வாழைத்தண்டு தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் கல்லைக் கரைத்துவிடும் என்று நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

5 மி.மீ. கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். சில வாரம் ஆகலாம். ஆனால் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

இரண்டாவது முறை என்பதால் ரத்தத்தில் கால்சியம், யூரிக் அமிலமும், 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையும் அவசியம். கல் விழும்வரை ஒரு பழைய டீ வடிகட்டியில் சிறுநீரைப் பிடிக்கச் சொல்லுங்கள். மிளகு அளவுக்குத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுவி, காயவைத்து, சின்ன டப்பாவில் கொண்டுவாருங்கள். அது என்ன கல் என்று தெரிந்தால்தான் எதைக் குறைப்பது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.