ஃபோர்ட்ரானை இனியும் படிக்கலாமா?

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் மண்டபம். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். நான் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அலைகள் பற்றிய ப்ராஜெக்டுக்கு எங்கள் கைடு ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு பழைய நிரலைக் கொடுத்திருக்கிறார். 'செத்த மொழி, இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?' என்கிறார்கள் தோழிகள். படிக்கலாமா, விட்டுவிடலாமா?

வாசகி, மண்டபம்

அன்புள்ள வாசகிக்கு,

படியுங்கள்.

உங்கள் கரைக்கு வரும் கள்ளக்கடல் எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். இங்கே காற்றே இருக்காது. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்று கிளப்பிய அலை சில நாள் கழித்து உங்கள் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) ஏறும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அலைகளைக் கணிக்கப் பயன்படுத்தும் கணினி மாதிரிகளில் ஒன்று வேவ்வாட்ச். அது ஃபோர்ட்ரானில் எழுதியது. 1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட மொழி, அப்பா கடலுக்குப் போகலாமா என்ற கணக்கில் இன்றும் இருக்கிறது. அதன் புதிய தரநிலை 2023இல்தான் வந்தது.

ஆனால் தோழிகள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அதே 2023இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம், அடுத்த 15 ஆண்டுகளுக்கு ஃபோர்ட்ரானை நம்பியிருந்தால் என்ன ஆபத்து என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. ஜிபியுவில் (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சில்லில்) ஓட்டுவது ஒரு கவலை, மொழி தெரிந்த ஆள் கிடைப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. பழைய பாணி நிரலில் வரி 7ஆம் கட்டத்தில் தொடங்கி 72க்குள் முடிய வேண்டும். நிரலை அட்டையில் துளையிட்டு எழுதிய காலத்து விதி. 72ஐத் தாண்டியதைக் கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) சத்தமில்லாமல் விட்டுவிடும். ஓர் எண்ணின் கடைசி இலக்கம் போனாலும் நிரல் ஓடும், விடைதான் தப்பாக வரும். இந்த மாதிரி விதிகளைச் சீக்கிரம் பழகிவிடலாம். ஆனால் நடுவில் நிற்கும் ஒரு மாறிலியை ஏன் அப்படி வைத்தார்கள் என்பது பல நேரம் எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஓய்வுபெற்றால் அதுவும் அவரோடு போய்விடும்.

அதனால் மொழியோடு நிறுத்திவிடாதீர்கள். கடலின் அடித்தரையில் அலைக்கு ஏற்படும் உராய்வை நிரல் எங்கே கணக்கிடுகிறது என்று தேடுங்கள். ஆழம் குறைந்த வடகடலுக்கு (பாக் விரிகுடாவுக்கு) ஒரு முறை, தென்கடலுக்கு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நாளைக்கே இதை சி++ மொழிக்கு மாற்றினாலும், பழையதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

வேலைக்குப் பைத்தானும் சேர்த்துப் படியுங்கள். ஐ.டி. கம்பெனி மட்டும்தான் குறி என்றால் ஃபோர்ட்ரான் பெரிதாக உதவாது. அப்புறம், அந்த நிரலை எழுதியவர் யார் என்று கைடிடம் கேட்டு, முடிந்தால் இந்த மாதமே அவரிடம் பேசிவிடுங்கள்.