சைலேஜ் குழியில் கள் வாடை

கேள்வி: ஐயா, கோபிசெட்டிபாளையம் பக்கம் எனக்கு நான்கு கறவை மாடுகள் இருக்கின்றன. கரும்பு வெட்டியபோது கிடைத்த கொழுந்தாடையை நறுக்கி, பத்தடி அகலம், ஐந்தடி ஆழமுள்ள குழியில் போட்டு மூடினேன். கடைக்காரர் தந்த பாக்டீரியாப் பொடியை வெல்லக் கரைசலில் கலந்து தெளித்தேன். நாரெல்லாம் கரைந்து சத்தாகிவிடும் என்றார். 45 நாள் கழித்துத் திறந்தால் கள் வாடை தூக்குகிறது. ஒரு மாடு ஐந்து மாதச் சினை. போதை ஏறுமா? பால் கெடுமா?

பதில்: போதை ஏறாது. சைலேஜில், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனத்தில், இருக்கும் சாராயத்தில் பெரும்பகுதியை முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடும். பால் கொழுப்புக்கு மூலப்பொருள் அதுதான். பாலில் வாடை வரலாம், கறந்த பிறகு தீனி போடுங்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பூசணத்தைப் பற்றி. வெள்ளை படர்ந்த கட்டி ஒன்றுகூடச் சினை மாட்டின் வாய்க்குப் போகக் கூடாது. கரு கலையும் அபாயம் அதில்தான்.

அந்தச் சாராயத்தை உண்டாக்கியது பொடியிலிருந்த பாக்டீரியா அல்ல, கரும்பிலேயே ஒட்டியிருக்கும் ஈஸ்ட். கொழுந்தாடையில் ஏற்கெனவே சர்க்கரை உண்டு. அதன் மேல் வெல்லமும் ஊற்றியிருக்கிறீர்கள். சர்க்கரை குறைந்த நேப்பியர் புல்லுக்கு வெல்லம் சொன்னால் அர்த்தம் இருக்கிறது. கரும்புக்கு எதற்கு? சர்க்கரை சாராயமாகும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி கரியமில வாயுவாகப் பறந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வெல்லமும் அந்த வழியில்தான் போனது.

நாரைச் சிதைத்துச் சாராயம் தரும் பாக்டீரியாக்கள் இல்லாமல் இல்லை. ருமினோகாக்கஸ் ஆல்பஸ் என்ற ஒன்று உங்கள் மாட்டின் வயிற்றிலேயே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் தனியாக வளர்த்தால் நாரிலிருந்து சாராயமும் தரும். வயிற்றில், அது வெளிவிடும் ஹைட்ரஜனை மீத்தேன் நுண்ணுயிர்கள் உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால், சாராயத்தை விட்டுவிட்டு அசிட்டிக் அமிலம் செய்கிறது. அதற்கு 39 டிகிரி சூடு வேண்டும், பி.எச். (புளிப்பு அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்குக் கீழே இறங்கினாலே சோர்ந்துவிடும். நல்ல சைலேஜ் 4-இல் நிற்கும். பொடியில் அப்படிப்பட்ட உயிர் நிஜமாகவே இருந்திருந்தாலும் உங்கள் குழியில் அதற்குப் பிழைப்பில்லை. 2022-இல் பானிபட்டில் திறந்த வைக்கோல் எத்தனால் ஆலையில்கூட, வைக்கோலை முதலில் பதப்படுத்தி இளக்கி, நொதிகளால் சர்க்கரையாக்கிய பிறகுதான் சாராயம். அதையெல்லாம் ஒரு பாக்கெட் செய்துவிடும் என்று சொல்லி விற்பவர் வியாபாரம் செய்கிறார், அவ்வளவுதான். இன்ன இனம், கிராமுக்கு இத்தனை உயிர், காலாவதித் தேதி என்று அச்சிடாத பொடியைத் தொடாதீர்கள். லாக்டோபேசில்லஸ் புக்நேரி என்று போட்டிருந்தால் ஈஸ்ட்டை அடக்கும், கரும்புக்கு உதவும். அதுவும் காற்றுப் புகாமல் மூடினால்தான்.

இனி குழிக்கு வருகிறேன். நான்கு மாட்டுக்கு நாளொன்றுக்கு 60 கிலோ போடுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக மிதித்த சைலேஜ் கன மீட்டருக்கு 600 கிலோ வரும். அவ்வளவு தீனிக்கு உங்கள் குழியின் முகப்பில், அதாவது தீவனத்தை வெட்டியெடுக்கும் பக்கத்தில், நாளொன்றுக்கு ஓர் அங்குலம்கூட வெட்ட வேண்டியிருக்காது. நம் வெயிலுக்கு அரையடியாவது வெட்ட வேண்டும். வெட்டாத முகப்பில் காற்றுப் பட்டதும் ஈஸ்ட் மறுபடி கிளம்பி, சைலேஜைக் கெடாமல் காக்கும் லாக்டிக் அமிலத்தைத் தின்னும். புளிப்புக் குறையும், சூடேறும், பூசணம் வரும். முகப்பில் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள், கதகதவென்று இருந்தால் அதுதான் நடக்கிறது.

பத்து மாட்டுக்குக் கீழே வைத்திருப்பவர் குழி வெட்டவே கூடாது என்பது என் கட்சி. மானியம் கிடைக்கிறது என்று வெட்டுகிறார்கள், பாதியைக் குப்பையில் கொட்டுகிறார்கள். மூடியுள்ள 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் வாங்குங்கள். ஒன்றில் சுமார் 120 கிலோ பிடிக்கும், இரண்டு நாளில் தீரும். திறந்தது கெடுவதற்குள் மாடு தின்றுவிடும். பழைய பீப்பாய் என்றால் பூச்சிமருந்து இருந்ததா என்று விசாரியுங்கள்.

அடுத்த வெட்டுக்குக் கொழுந்தாடையை அரை நாள் வாட்டி, ஓர் அங்குலத்துக்குள் நறுக்குங்கள். கைப்பிடியளவு எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். சாறு ஒழுகினால் இன்னும் வாட வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை மெல்லப் பிரிந்தால் சரி. நிரப்பும்போது அரையடிக்கு ஒரு தடவை ஏறி மிதியுங்கள்.

இப்போதுள்ள குழியை அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்களோடு பங்கிட்டு விரைவில் காலி செய்யுங்கள். சினை மாட்டுக்கு மட்டும் பச்சைத் தீவனம் போடுங்கள்.