பொத்துவில் போத்தலும் ஆசிரியரின் நாக்கும்

கேள்வி: அறுகம் குடாவில் சேர்ஃபிங் செய்ய வந்த வெள்ளைக்காரர் ஒருவர், நான் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸில் ஒரு பியர் போத்தலை எனக்குத் தந்துவிட்டுப் போனார். லேபலில் 2011 என்றும் 11.5 வீதம் என்றும் 'பார்லி வைன்' என்றும் போட்டிருக்கிறது. இரண்டு வருசமாக ஸ்டோரில் கிடக்கிறது. இது பியரா, வைனா? காலாவதியாகிவிட்டதா? பழைய சாமான் என்பதால் 25,000 ரூபாய் தருகிறேன் என்கிறார் ஒருவர், கொடுக்கலாமா? குடித்தால் கிக் எப்படி? எல்லாம் தெரிந்த ஆசிரியர் இதற்கும் பதில் சொல்வாரா, குடிகாரன் கேள்வி என்று குப்பையில் போடுவாரா?
– பெயர் வேண்டாம், பொத்துவில்

பதில்: குப்பையில் போடவில்லை தம்பி. ஆனால் பெயரைக் கேட்டீர்கள், காலாவதியைக் கேட்டீர்கள், விலையைக் கேட்டீர்கள், கிக்கைக் கேட்டீர்கள், ருசி எப்படி இருக்கும் என்று மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை. அந்த மனுசன் உடுப்புகளுக்கு நடுவே சுற்றி, உடையாமல் கடல் கடந்து கொண்டுவந்த போத்தல் அது. கேள்வியைப் படித்ததும் எனக்கு வந்த எரிச்சல் அதனால்தான்.

சரி, கிக்கை முதலில் முடித்துவிடுவோம். உங்களுடையது 330 மில்லிலீற்றர் போத்தல் என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் மதுசாரம் ஏறக்குறைய 38 மில்லி. 33.5 வீதச் சாராயம் ஒரு கால் போத்தலில் 60 மில்லி இருக்கிறது. ஆக, உலகத்திலேயே கடுமையான பியர் வகைகளில் ஒன்று, நம்மூர் கால் போத்தலிடம் தோற்றுப்போகிறது. வெறிக்காக என்றால் இதைத் திறப்பது வீண்வேலை. ஆனாலும் சாதாரண லாகர் பியரோடு பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல், அதனால் பியர்தானே என்று அண்ணாந்து ஊற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினால் அக்கரைப்பற்று போய்ச் சேர மாட்டீர்கள்.

பெயரில் வைன் இருந்தாலும் இது பியரேதான், திராட்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வைன் அளவுக்குக் கடுமை என்று பெருமையடிக்க இங்கிலாந்துக்காரன் வைத்த பெயர். முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும்போது முதலில் இறங்கும் சாறு கெட்டியாக, தேன்மாதிரி இனிப்பாக இருக்கும், அப்புறம் தண்ணீர் விட்டு விட்டு எடுக்கிறது எல்லாம் நீர்த்துக்கொண்டே போகும். உங்கள் அம்மா தேங்காய்ப்பால் பிழிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பழைய நாட்களில் அந்த முதற்பாலைத் தனியே எடுத்துக் காய்ச்சியதுதான் இந்தச் சாதி பியர், இரண்டாம் பால், மூன்றாம் பாலில் லேசான பியர் செய்து வேலையாட்களுக்குக் கொடுத்தார்கள். இவ்வளவு இனிப்பைத் தின்று மதுசாரமாக்கித் தீர்க்க ஈஸ்டுக்கே மூச்சு வாங்கும். தின்ன முடியாமல் விட்ட இனிப்பு போத்தலிலேயே தங்கிவிடுகிறது.

காலாவதி என்று பயப்படுகிறீர்கள். நாம் கள்ளோடு வளர்ந்த ஆட்கள், பயம் வருவது நியாயம்தான். காலையில் இறக்கியது இனிக்கும், மத்தியானம் கடுக்கும், பின்னேரம் புளிக்கும், இன்னும் வைத்தால் வினாகிரி. கள்ளுக்கு ஆயுள் ஒரு நாள், ஏனென்றால் திறந்த முட்டிக்குள் ஈஸ்டும் பக்டீரியாவும் காற்றும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. இந்தப் போத்தலுக்குள் அந்தக் கூட்டம் இல்லை. மதுசாரம் அதிகம், கசப்புக்காகச் சேர்க்கும் ஹொப்ஸ் பக்டீரியாவை அண்டவிடாது, மூடி இறுக்கம். இங்கிலாந்தில் டோர்செஸ்டர் என்ற ஊரில் எழுத்தாளர் தோமஸ் ஹார்டி இறந்து 40 வருசமான நினைவுக்கு 1968இல் 'தோமஸ் ஹார்டிஸ் ஏல்' என்று ஒன்று காய்ச்சினார்கள். 25 வருசம் வைத்துக் குடிக்கலாம் என்று போத்தலிலேயே அச்சடித்து விற்றார்கள், துணிச்சலைப் பாருங்கள்.

அதில் ஒன்றை நான் ருசித்திருக்கிறேன், ஆகவே ஆசிரியருக்கு இதுவும் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். லண்டனில் மச்சான் வீட்டில், 1996 என்று ஆண்டு போட்ட சின்னப் போத்தல், நாலு பேர். கைவிரல் உயரத்துக்குத்தான் ஆளுக்குக் கிடைத்தது. ஃபிரிட்ஜில் வைக்காமல் அப்படியே திறந்தான். நுரை பேருக்கு ஒரு வளையம் போட்டு உடனே கலைந்தது, வாயு அநேகமாக இல்லை. நிறம், கறுப்பு என்று நினைத்தேன், விளக்குக்கு நேரே பிடித்தால் அடுப்பில் இறுகி வரும் பனங்கட்டிப் பாகின் செம்மை. மூக்கில் முதலில் வந்தது பேரீச்சம்பழம், பின்னால் பிளம்ஸ் ஊறவைத்த கிறிஸ்மஸ் கேக். வாயில் விட்டதும் தொதல், அதுவும் தாச்சியின் அடியில் கொஞ்சம் பிடித்துப்போன தொதல். பிசுக்காக நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது, விழுங்கிய பிறகுதான் நெஞ்சில் மெதுவாகச் சூடு பரவியது. கசப்பு எங்கே என்று தேடினேன், கடைசியில், மிகக் கடைசியில், வேப்பம்பூ அளவுக்கு ஒன்று எட்டிப்பார்த்தது. புதிதாக இருக்கும்போது இதே பியர் கசப்பும் காரமுமாகச் சண்டைக்கு வருமாம், வருசம் போகப் போக ஹொப்ஸின் கசப்பு மங்கி, உள்ளே மிஞ்சியிருக்கும் துளிக் காற்று மெதுவாக வேலை செய்து ஷெரி என்ற ஸ்பானிய வைனின் வாசத்தைக் கொண்டுவருகிறது. நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மச்சானின் மனைவி மட்டும் மோந்து பார்த்துவிட்டு, இருமல் பாணிமாதிரி இருக்கு என்று எழும்பிப் போய்விட்டா. அதுவும் பொய்யில்லை.

இனி உங்களுக்குக் கெட்ட செய்தி. பழசு என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. அந்த ஹார்டி போத்தல் கிடந்தது 12, 13 பாகைக் குளிரில், இருட்டில். உங்களுடையது பொத்துவில் ஸ்டோரில். தகரக் கூரையா, ஓடா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே கட்டிலில் கையை வைத்தாலே சுடும் என்பது எனக்குத் தெரியும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த மாற்றமெல்லாம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் இரண்டு வருசம் அங்கே ஏழெட்டு வருசத்துக்குச் சமம். அந்த ஓட்டத்தில் பிளம்ஸும் தொதலும் கடந்துபோய், அடியில் செத்துக் கிடக்கும் ஈஸ்ட் கரைந்து, சோயா சோஸ் வாசமும் நனைந்த கார்ட்போர்ட் வாசமும் வந்திருக்கலாம். குடித்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, மனசுக்குத்தான்.

இதை 25,000க்குக் கேட்பவருக்கு அந்த ஸ்டோரைக் காட்டினீர்களா? காட்டாமல் விற்றால் அது அழுகின மீனை ஐஸுக்குள் மறைத்து விற்கிற வேலை. அதைவிட, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது விற்பது குற்றம், மதுவரித் திணைக்களக்காரரிடம் போய் இது பழம்பொருள் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். (எனக்கும் ஒரு பயம் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மது விளம்பரம் தடை. உங்கள் போத்தலின் பெயரைக் கேட்காமலே பதில் எழுதுகிறேன், கவனித்திருப்பீர்கள்.)

ஆகவே திறந்துவிடுங்கள். தனியே வேண்டாம், மூன்று நாலு பேராவது இருக்கட்டும், 21 வயது தாண்டியவர்களாக. முதல்நாளே போத்தலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கட்டும், ஊற்றும்போது கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிடுங்கள். ஐஸ் போடுகிறவனை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். குடிக்க முன் ஃபிரிட்ஜில் அரை மணித்தியாலம், அவ்வளவுதான், நாக்கு விறைத்தால் ருசி தெரியாது. நம் நாட்டு 8.8 வீத ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் ஒன்றை வெளிநாட்டு எழுத்தாளர்கள் புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள், நாமோ அதையும் பனிக்கட்டியாக்கித் தொண்டைக்குள் கொட்டிவிட்டுக் கச்சானைக் கொறிக்கிறோம். பக்கத்தில் எருமைத் தயிர் வேண்டாம், உப்புக் கருவாடு வேண்டாம். ஒரு துண்டு கேக், இல்லாவிட்டால் தொதலே இருக்கட்டும்.

சோயா சோஸ் வாசம் அடித்தால் தயங்காமல் தென்னைமரத்தடியில் ஊற்றிவிடுங்கள். பேரீச்சம்பழம் அடித்தால் உடனே மூடி, ஒரு வாய் மிச்சம் வைத்து, எனக்கு ஒரு கோல் எடுங்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குப் பஸ் இருக்கிறது.