கார்டில் பாக்கி இருக்கும்போது கோகர்ணம் டிரிப்பைத் தேய்க்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். வயது 26, ஊர் திருநெல்வேலி, வேலை பெங்களூரில். சம்பளம் கையில் 38,000, வீட்டுக்கு 12,000 அனுப்புகிறேன். சேமிப்புக் கணக்கில் 35,000 இருக்கிறது, அவசரத்துக்கு என்று தொடாமல் வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் 18,000 பாக்கி, மாதம் 1,000 தவறாமல் கட்டுகிறேன், வட்டி மாதம் 3.5% என்று ஸ்டேட்மென்ட்டில் போட்டிருக்கிறது. டிசம்பர் கடைசி வாரம் ஐந்து பேர் கோகர்ணம் போகிறோம். கடற்கரை டிரெக்கிங், கடல் குளியல், டென்ட்டில் ஒரு ராத்திரி, தலைக்கு 6,500. என்னிடம் மட்டும்தான் கார்டு இருக்கிறது, "நீ மொத்தமா தேய்ச்சிடு, நாங்க ஜிபே பண்ணிடுறோம்" என்கிறார்கள். பாயின்ட்டும் வரும், 45 நாள் வட்டியும் இல்லையே, தேய்க்கலாமா?

பதில்: கோகர்ணம் தாராளமாகப் போங்கள், ஆனால் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் நம்பியிருக்கும் அந்த 45 நாள் சலுகை இப்போது உங்களுக்கு இல்லை. போன மாத பில்லை முழுசாகக் கட்டியவர்களுக்குத்தான் அது. ஒரு ரூபாய் பாக்கி வைத்து அடுத்த மாதத்துக்குத் தள்ளினாலும், அதற்குப் பிறகு தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 18,000க்கு மாதம் 3.5% என்றால் 630 ரூபாய், அதன் மேல் 18% ஜிஎஸ்டி 113, ஆக 743. நீங்கள் கட்டும் ஆயிரத்தில் அசலுக்குப் போவது 257 ரூபாய்தான், அதனால்தான் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் பாக்கி இறங்கவே மாட்டேன் என்கிறது. இதன் மேல் ஐந்து பேருக்கும் சேர்த்து 32,500 தேய்த்தால் அதற்கு மட்டும் மாதம் சுமார் 1,340 வரும். பாயின்ட்டைக் காசாக்கிப் பாருங்கள், சாதாரண கார்டில் இவ்வளவு செலவுக்கு முந்நூறைத் தாண்டினாலே அபூர்வம்.

இன்னொன்று, அந்த ஜிபே பணம். ஒருத்தர் அன்றைக்கே அனுப்புவார், ஒருத்தர் சம்பளம் வரட்டும் என்பார், இன்னொருத்தர் பாதியை அனுப்பிவிட்டு மீதியை மறந்துபோவார். வந்த பணமும் கார்டுக்குப் போகாது, உங்கள் கணக்கில் உட்கார்ந்து ஸ்விக்கிக்கும் பெட்ரோலுக்கும் கரையும், பில் வரும்போது மொத்தமும் உங்கள் பெயரில்தான் நிற்கும். நண்பர்கள் மேல் தப்பில்லை, ஐந்து பேர் கணக்கு ஒரே கார்டில் விழுந்தால் நடப்பது இதுதான்.

சரி, என்ன செய்யலாம்? சேமிப்பிலிருந்து 18,000 எடுத்து இன்றைக்கே கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். அவசரப் பணத்தைத் தொடுவதா என்று தோன்றும், ஆனால் வருஷத்துக்கு மூன்று சதவீதம்கூடத் தேறாத கணக்கில் 35,000 தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே வருஷம் 42% வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அடைத்த பிறகும் அடுத்த பில்லில் சில நாள் வட்டி சில்லறையாக எட்டிப்பார்க்கும், அதையும் கட்டிவிடுங்கள். இரண்டு பில் பாக்கியில்லாமல் வந்த பிறகு கார்டைத் தொடுங்கள், அதுவரை வேண்டாம். மாதம் கட்டிய அந்த ஆயிரத்தோடு இன்னும் இரண்டாயிரம் சேர்த்து வங்கியில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டால் ஆறே மாதத்தில் எடுத்த பணம் திரும்பிவிடும்.

அடுத்து டிரிப். கோகர்ணத்தில் நடக்கவும் குளிக்கவும் காசே கிடையாது. குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று ஒரு கடற்கரையிலிருந்து அடுத்ததற்குப் பாறையும் மரமுமாகக் குன்றின் மேல் ஒற்றையடிப் பாதை போகிறது. ஹாஃப் மூனுக்குச் சாலையே இல்லை, நடந்து போக வேண்டும் அல்லது படகு பிடிக்க வேண்டும். மொத்த நடையும் அரை நாள் வேலை, அதற்கு வழிகாட்டியும் பேக்கேஜும் எதற்கு? பெங்களூரிலிருந்து பஞ்சகங்கா எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் காலையில் கோகர்ணா ரோடு ஸ்டேஷன், ஸ்லீப்பரில் போக வர ஆயிரத்துக்குள் முடியும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்றைக்கே போடுங்கள், ஏனென்றால் வார இறுதி டிக்கெட் சீக்கிரம் வெயிட்டிங்குக்குப் போய்விடும். அறையைப் பகிர்ந்து, சாப்பாட்டையும் சேர்த்து, தலைக்கு 4,000 என்று வைத்துக்கொள்ளலாம். இதற்காக டிரெக்கிங் ஷூ வாங்கக் கிளம்பாதீர்கள், அடி வழுக்காத பழைய ஷூ போதும்.

டிசம்பர் கடைசி வாரத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். புத்தாண்டுக் கூட்டத்தில் அறை வாடகை எகிறும். ஜனவரி நடுவில் போனால் அதே கடல், அதே வெயில், அதற்குள் இன்னொரு சம்பளமும் வந்திருக்கும். சிவராத்திரியைத் தவிருங்கள், தேர்த் திருவிழாவுக்கு ஊரே நிரம்பிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை மோசம், மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்போது போகாதீர்கள்.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் பிரதமர் சுரக்ஷா பீமா இருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனால் வீட்டுக்கு 2 லட்சம், நீரில் மூழ்குவதும் அதில் சேரும், ஆனால் மருத்துவமனைச் செலவு இதில் வராது. தனியார் விபத்து பாலிசி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடித்துவிட்டுக் கடலில் இறங்கி ஏதாவது ஆனால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. நாமினி இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள், கணக்கு ஆரம்பித்த அவசரத்தில் பலர் அதைக் காலியாகவே விட்டிருப்பார்கள்.