பறவைகளுக்கு வீட்டிலேயே தின்பண்டம்: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு லவ் பேர்ட்ஸ் இருக்கின்றன. கடையில் விற்கும் விதைக் குச்சிகளை அவை விரும்பித் தின்கின்றன. ஆனால் 80 கிராம் பொட்டலம் 160 ரூபாய் ஆகிறது. இதை வீட்டிலேயே செய்ய முடியுமா? மொட்டை மாடிக்கு வரும் குருவி, மைனா, கிளிகளுக்கும் அதையே வைக்கலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்லும் விலையைக் கணக்கிட்டால் கிலோ 2,000 ரூபாய் ஆகிறது. இத்தகைய குச்சிகளில் பெரும்பகுதி தினை போன்ற சிறுதானியமும் அதை ஒட்டவைக்கும் இனிப்புப் பாகும்தான் என்பதால், வீட்டில் செய்வது நிச்சயம் சிக்கனமானது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜி பறவைகளே. உங்களுடையவையும் அவையே என்று கொண்டு எழுதுகிறேன்.

தானியம் வாங்கும் இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மளிகைக் கடையில் கிடைப்பது உமி நீக்கிய தினை அரிசி. பறவைக்கு வேண்டியது உமியோடு கூடிய தினை. அதை அலகால் உரித்துத் தின்பது பட்ஜிக்கு உணவு மட்டுமல்ல, நாள் முழுவதற்குமான வேலையும் ஆகும். உமியுள்ள தானியம் சிக்கு வாடை அடிக்காமல் கூடுதல் நாள் இருக்கவும் செய்யும். உமியோடு கிடைக்கிறதே என்று விதைக் கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள்; விதைப்புக்கென விற்கப்படும் தானியத்தில் பூஞ்சணக்கொல்லி கலந்து இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நிறமேற்றியிருப்பார்கள், அது பறவைக்கு நஞ்சு. நிலக்கடலை சேர்ப்பதாக இருந்தால் சுருங்கியதையும் பூசணம் பிடித்ததையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அஃப்ளடாக்சின் என்னும் நச்சு அங்கேதான் உருவாகிறது.

செய்முறை எளிது. முக்கால் கப் தினை, கால் கப் உமியுள்ள சாமை, நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கை இலை ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் பிசைந்து, நாணய அளவில் வில்லைகளாகத் தட்டி, 150 டிகிரி வெப்பத்தில் வெள்ளைக்கரு முழுவதும் வெந்து இறுகும்வரை சுமார் இருபது நிமிடம் வைத்தெடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் இரும்புத் தோசைக்கல்லில் மூடி போட்டு, மிகக் குறைந்த தீயில் திருப்பித் திருப்பி உலர்த்தலாம். நான்-ஸ்டிக் பாத்திரம் வேண்டவே வேண்டாம். அதன் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வெளியேறும் ஆவி, பக்கத்து அறையில் இருக்கும் பறவையைக்கூட நிமிடங்களில் கொன்றுவிடக்கூடும். வெல்லம், தேன், உப்பு எதுவும் தேவையில்லை. சாக்லேட், காபி, வெங்காயம், அவகேடோ ஆகியவை எந்த வடிவிலும் கூடாது.

பட்ஜியின் எடை முப்பது, நாற்பது கிராம்தான். எனவே ஒரு பறவைக்குச் சுண்டுவிரல் நக அளவுத் துண்டு, வாரம் இருமுறை போதும். தின்பண்டம் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கொழுப்பு ஏறிக் கல்லீரல் கெடும். முழுத் தினைக்கதிர் எங்காவது கிடைத்தால் அடுப்பே பற்றவைக்க வேண்டாம், கூண்டில் கட்டித் தொங்கவிட்டாலே போதும். இன்னொன்று, தீவனக் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தெரிந்தாலும் தினமும் ஊதிப் பாருங்கள். மேலே கிடப்பது பெரும்பாலும் வெற்று உமிதான்.

மாடிக்கு வரும் பறவைகளுக்கு இந்த வில்லை தேவையில்லை. இணையத்தில் காணும் கொழுப்புக் கட்டிச் செய்முறைகள் குளிர்நாட்டுப் பனிக்காலத்துக்கு உரியவை; மாட்டுக் கொழுப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெய் சேர்த்தாலும் அது சுமார் 24 டிகிரியிலேயே உருகி, நம் வெயிலில் பறவையின் இறகில் பிசுபிசுவென ஒட்டும். குருவிக்குக் கொட்டாங்குச்சியில் நொய்யும் கம்பும், மைனாவுக்குப் பப்பாளியும் வாழைப்பழமும், கிளிக்குக் கொய்யாவும் வையுங்கள். மீந்துபோன மிக்சரும் முறுக்கும் உப்பு மிகுந்தவை. காகம் சமாளித்துக்கொள்ளும், குருவியால் முடியாது. ஒரு மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மேல் வைத்தால் பகலில் புறாக்கூட்டமும் இரவில் எலியும் வந்துசேரும். பச்சைக்கிளி எவ்வளவுதான் பழகினாலும் அதைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பறவைத் தின்பண்டம் செய்ய வாங்கிய தினைப் பொட்டலத்தில் நூல் நூலாகப் புழுக்கூடு இருந்தது. உறையில் எந்த விவரமும் இல்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்வது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்கப்படும் பொருளின் மீது பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரிப்பு மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் கூறுகின்றன, பறவைத் தீவனம் என்பதற்காக அதில் விலக்கு இல்லை. பொட்டலத்தையும் ரசீதையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அந்தத் தினையைப் புடைத்து எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். இனிக் கண் முன்னே மூட்டையிலிருந்து அளந்து தரும் கடையில், முகர்ந்து பார்த்து, ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.