மார்பகத்தில் கட்டி: பழைய புற்றா, புதுப் புற்றா?

கேள்வி: அம்மாவுக்கு 47 வயது, ஊர் முக்கூடல். பீடி சுற்றும் வேலை, ஆனால் புகைத்ததே இல்லை. ஏஎல்கே பாசிட்டிவ் (ஏஎல்கே என்ற மரபணு மாறியதால் வரும்) நுரையீரல் புற்றுக்கு கிரிசோடினிப் மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார். இப்போது இடது மார்பகத்தில் கட்டி. மார்பகத்தை எடுத்துவிடலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: பயாப்சி (கட்டியில் துளி திசு எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு கைக்கு வராமல் சம்மதிக்காதீர்கள். நுரையீரல் புற்று வழக்கமாகப் பரவும் இடங்கள் மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி. மார்பகத்துக்கு வருவது அபூர்வம், ஆனாலும் ஏஎல்கே, ஈஜிஎஃப்ஆர் (இதுவும் ஒரு மரபணு) மாறிய வகைகளில் மார்பகம், கண்ணின் உட்படலம் என்று யாரும் எதிர்பாராத இடங்களில் அது தலைகாட்டியிருக்கிறது. அதே சமயம் இது தனியாக வந்த மார்பகப் புற்றாகவும் இருக்கலாம், அதுதான் பொதுவாக அதிகம். தொட்டுப் பார்த்தோ மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வைத்தோ உறுதியாகப் பிரிக்க முடியாது.

திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலேயே ஊசி பயாப்சி எடுக்கலாம். அந்தத் திசுவில் நுரையீரல் புற்றின் அடையாளப் புரதங்களான டிடிஎஃப்-1, நாப்சின்-ஏ பாசிட்டிவாகவும், மார்பகப் புற்றின் அடையாளங்களான ஈஆர், காட்டா-3 நெகட்டிவாகவும் வந்தால் அது நுரையீரலில் இருந்து வந்ததாகவே இருக்கும். ஏஎல்கே சோதனையும் கேளுங்கள். முதல் பயாப்சியின் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசு) வாங்கிக் கொடுங்கள், ஒப்பிட அது வேண்டும். ஏதாவது சோதனை இங்கே இல்லையென்றால் பிளாக்கை வெளியூர் லேபுக்கு அனுப்பினால் போதும், அம்மாவை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

பரவியதுதான் என்றால் மார்பகத்தை எடுப்பதால் பெரிய பலனில்லை, ஏனென்றால் நோய் ரத்தம் வழியாகவோ நிணநீர் வழியாகவோ ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. மாற்ற வேண்டியது மாத்திரை. அலெக்டினிப், லார்லாடினிப் என்று அடுத்த தலைமுறை மருந்துகள் இருக்கின்றன. கிரிசோடினிப் மூளைக்குள் சரியாகப் போகாது, அதனால் தலைவலி இல்லாவிட்டாலும் மருந்து செலுத்தி மூளைக்கு எம்ஆர்ஐ எடுங்கள். பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களைக் காட்டுவது) மட்டும் போதாது, மூளையே சர்க்கரையை நிறைய இழுப்பதால் சின்னக் கட்டிகள் அதில் மறைந்துபோகும். புது மார்பகப் புற்று என்றால் கதையே வேறு, அப்போது ஆபரேஷன் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது கண்ணோரம் மினுமினுப்பது கிரிசோடினிப்பின் வேலை, பெரும்பாலும் பயமில்லை. ஒரு கண் மட்டும் மங்கினாலோ நிழல் தெரிந்தாலோ விழித்திரை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

பீடி சுற்றியதால்தான் வந்தது என்று யாராவது அம்மாவைக் குறை சொல்லியிருப்பார்கள். நுரையீரல் புற்றில் 2007-ல் கண்டறியப்பட்ட இந்த ஏஎல்கே மாற்றம் புகைக்காதவர்களிடமே அதிகம். பிறவியில் வருவதும் இல்லை, எனவே உங்களுக்கு இறங்காது. அப்புறம், டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சிலருக்கு நோய் சட்டென்று சீறிவிடும்.