உத்தரவு வந்து சேராத நேரத்தில் ஒரு கம்பெனி கமாண்டர்

கேள்வி: இராணுவத்தில் மேஜராக இருக்கிறேன். ஐ.நா. அமைதிப்படைப் பணிக்காக எங்கள் பட்டாலியனுடன் விரைவில் காங்கோ செல்கிறேன். தலைமைத் தளத்திலிருந்து வெகு தொலைவில் ஒரு கம்பெனி என் பொறுப்பில் இருக்கும். அங்கே நாங்கள் சுற்றி வளைக்கப்பட்டு, மேலிடத்து உத்தரவும் தெளிவாக இல்லாமல் போனால், என் பயத்தை ஜவான்களிடமிருந்து மறைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பேன் என்ற எண்ணம் தூங்கவிடுவதில்லை. வழி சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள மேஜர் அவர்களுக்கு,

நீங்கள் அஞ்சும் நிலை காங்கோவிலேயே ஒருமுறை நேர்ந்திருக்கிறது. 1961 செப்டம்பரில், பிரிந்துபோக முயன்ற கட்டாங்கா மாகாணத்தின் ஜாடோவில் என்ற சுரங்க நகரில், அயர்லாந்துப் படையின் ஒரு கம்பெனி தனித்து நின்றது. அதன் தலைவர் பாட் குவின்லன். அவர் வகித்த கமாண்டன்ட் பதவி உங்கள் மேஜர் பதவிக்குச் சமமானது. அவருக்குக் கீழ் சுமார் 155 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் அதற்குமுன் சண்டையைக் கண்டதில்லை. அங்கு வசித்த பெல்ஜியர்களைக் காப்பதற்காக அவர்கள் அனுப்பப்பட்டிருந்தார்கள். ஆனால் ஊரில் அவர்களை வரவேற்பார் இல்லை. அந்த வெறுப்பைக் கவனித்த குவின்லன், தாக்குதல் வரும் என்று எவரும் எச்சரிக்காதபோதே, தம் வீரர்களைக் கொண்டு பதுங்குகுழிகளை வெட்ட வைத்தார்.

செப்டம்பர் 13 அன்று, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் ஐ.நா. படை கட்டாங்கா படைக்கு எதிரான நடவடிக்கையைத் தொடங்கியது. ஜாடோவில்லுக்கு அதுபற்றி உரிய நேரத்தில் தகவல் வரவில்லை. வீரர்கள் பலர் பிரார்த்தனையில் இருந்தபோது தாக்குதல் தொடங்கியது. எண்ணிக்கையில் பல மடங்கு மிகுந்த கட்டாங்கா படையினரும் கூலிப்படையினரும் பீரங்கிக் குண்டுகளை வீசினார்கள். ஒரு ஜெட் விமானமும் தாக்கியது. உதவிக்குக் கிளம்பிய படை லுஃபிரா ஆற்றுப் பாலத்தைத் தாண்ட முடியாமல் திரும்பியது. இரண்டாவது முயற்சியில் நம் கூர்க்கா வீரர்களும் இருந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. ஹெலிகாப்டரில் வந்து சேர்ந்த தண்ணீர், முன்பு எரிபொருள் வைத்திருந்த கேன்களில் நிரப்பப்பட்டிருந்ததால் குடிக்க உதவவில்லை. ஐந்தாம் நாள், தோட்டாக்களும் தண்ணீரும் தீர்ந்தபின், குவின்லன் சரணடைந்தார். ஐந்து பேர் காயமடைந்திருந்தார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை.

அந்த உயிர்களைக் காப்பாற்றியது கடைசி நாளின் துணிச்சல் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. சண்டைக்கு முன்பே, வெயிலில் வெட்டப்பட்ட குழிகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆகவே உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வியில் பாதிக்கு இப்போதே விடை தேடலாம். தளத்தில் எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது, வயர்லெஸ் அறுந்தால் இரண்டாவது வழி எது, நீங்கள் விழுந்தால் யார் பொறுப்பேற்பார், எந்தச் சூழலில் சுடலாம் என்று ஐ.நா. விதி சொல்கிறது என்பவற்றை ஒவ்வொரு ஜவானும் தன் மொழியில் திருப்பிச் சொல்லும்வரை பேசுங்கள். உங்கள் சுபேதாரிடம் உங்கள் திட்டத்தின் குறைகளைத் தனியே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களைவிட நீண்ட காலம் ஜவான்களோடு வாழ்ந்தவர் அவர். அவர் தயங்கும் இடத்தில் நீங்களும் ஒரு கணம் நில்லுங்கள்.

பயத்தை மறைக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். பதற்றம் குரலில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிலைமையை மட்டும் மறைக்காதீர்கள். உதவிப்படை வராது என்று தெரிந்தபின் வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால், அடுத்த முறை நீங்கள் உண்மையையே சொன்னாலும் ஜவான்கள் நம்பமாட்டார்கள். தலைமைத் தளத்துக்கும் இதுவே பொருந்தும். எத்தனை தோட்டா மீதி இருக்கிறது, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எண்களாகச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், இன்ன நேரத்தில் இன்ன முடிவை எடுக்கப்போகிறேன் என்று உங்கள் பெயரில் பதிவு செய்துவிட்டு அதைச் செய்யுங்கள்.

ஆனால் சரணடைவது குறித்து ஜாடோவில்லை அப்படியே அளவுகோலாகக் கொள்ள முடியாது. உங்கள் முள்வேலிக்குள் அடைக்கலம் தேடி வந்த மக்கள் இருந்தால் கணக்கே வேறு. 1994 ஏப்ரல் 11 அன்று, இனப்படுகொலை நடந்துகொண்டிருந்த ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில், ஒரு தொழிற்பள்ளியில் இருந்த பெல்ஜிய அமைதிப்படையினர், வெளிநாட்டவரை வெளியேற்றும் பணிக்காக அங்கிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களை நம்பி அங்கே கூடியிருந்த ஏறத்தாழ 2,000 பேரில் பெரும்பாலோர் அதன்பின் கொல்லப்பட்டார்கள். அதே நகரில், ஐ.நா. படைத் தலைவரான கனடாவின் ரோமியோ தலேர், பாதுகாப்புச் சபை தம் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தபின்னும், கானாவின் ஹென்றி அன்யிடோஹோவின் துணையோடு சுமார் 450 பேரை வைத்துக்கொண்டு, அமஹோரோ விளையாட்டரங்கம் முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கானோரைக் காத்து நின்றார். யாருக்காக அங்கே நிற்கிறோம் என்பதை உங்கள் கம்பெனி முதல் நாளே அறிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. குவின்லனின் வீரர்கள் ஊர் திரும்பியபின் கோழைகள் என்று ஏளனம் செய்யப்பட்டார்கள். பதக்கத்துக்கு அவர் பரிந்துரைத்தவர்களில் எவருக்கும் அப்போது அது கிடைக்கவில்லை. அவர் 1997-இல் இறந்தார்; கம்பெனியின் மேல் விழுந்த பழி அரசளவில் நீங்கியது 2004-க்குப் பிறகுதான். தலேர் மன அதிர்ச்சியின் பாதிப்பால் 2000-இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். தம் நோயைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியது பிற வீரர்களுக்கும் வாய்திறக்க வழி செய்தது. ஆகவே அங்கே நடப்பதை அன்றன்றே, யார் என்ன செய்தார் என்று பெயரோடு எழுதி வையுங்கள். திரும்பிய முதல் ஆண்டில் உங்கள் ஜவான்களை மாதம் ஒருமுறையாவது தொலைபேசியில் அழைத்து, தூங்குகிறார்களா, குடி கூடியிருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். இப்போதே தூக்கம் கெட்டிருப்பதால், கிளம்புமுன் பட்டாலியன் மருத்துவரை நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.